வாட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக டைல்ஸ் போடுகிற அண்ணாச்சி சொல்லியிருந்தார். திங்கட்கிழமையே நான் குளியலறைக்குள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மடியில் நாற்பது பக்க நோட்டு, கையில் இஞ்ச் டேப். எட்டடிக்கு ஐந்தடி அறை. வீட்டிலேயே சிறியது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அன்றாடம் நுழைந்து வெளியே வந்த இடம். ஆனால் குழாயை மூடிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே சும்மா உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பாளையங்கோட்டையில் 1988இல் அப்பா கட்டிய வீடு. அப்போது குளியலறைக்குச் சிவப்பு சிமெண்ட் தரை. 2004இல் அதன் மேலேயே ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் ஒட்டினோம். வெள்ளையில் இளநீலப் பூ. கடையில் பார்த்த பளபளப்புக்காகவே வாங்கியது. போன மார்கழியில் ஒரு விடியற்காலை அம்மா அந்தப் பளபளப்பில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அதே மாதத்தில்தான் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதையும் பார்த்தோம். பீரோவை நகர்த்தியபோது தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

அண்ணாச்சி போனில் கேட்டது மூன்று கேள்வி. எத்தனை சதுர அடி? பழையதை உடைக்கணுமா, மேலேயே ஒட்டணுமா? கூலி மட்டுமா, சாமானோடயா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: சதுர அடிக்கு என்ன ரேட்? அளவே கொடுக்காமல் தையல்கூலி பேசுகிற மாதிரி.

"நேர்ல பாத்துட்டுச் சொல்லுதேன்க்கா. அதுக்குள்ள உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு முடிவுக்கு வந்திருங்க" என்றார்.

என்ன வேண்டும் என்பதற்கு என் மனதில் அதுவரை இருந்த பதில் ஒரு நிறம்தான். சாம்பல் நிறம் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருந்தது. அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் அந்தப் பதிலின் ஏழ்மை உறைத்தது. நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியாக, "அம்மாவுக்குத் தள்ளாட்டம், கைப்பிடி வேண்டும்" என்று எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது அப்போதுதான்.

ஒரு மக் தண்ணீரை எடுத்து வாசல் ஓரம் மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் முதலில் பரந்து, பிறகு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பங்கு டைல்ஸ் இடுக்கைப் பிடித்துக்கொண்டு நேராக மூலையிலிருக்கிற ஓட்டைக்குப் போனது. இன்னொரு பங்கு இடது பக்கம் திரும்பி, கதவிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, சுவரை ஒட்டி ஒரு தாம்பாளம் அளவுக்குத் தேங்கி நின்றது. கால் மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் காய்ந்து, இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. எங்கள் தெருவில் போர் தண்ணீர். உப்பை விட்டுவிட்டுத்தான் காயும். குனிந்து கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு, அதற்கும் உள்ளே இன்னொன்று. மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் போல. எத்தனை வருஷத்து ஈரம் அங்கே வந்து உட்கார்ந்து, காய்ந்து, எழுந்து போயிருக்கிறது. வாராவாரம் ஆசிட் போட்டுத் தேய்க்க வேண்டிய அழுக்கு என்றுதான் அதை நினைத்திருந்தோம்.

தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சாய்த்து அமைப்பதைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். வாட்டம் வச்சிருக்கு, வாட்டம் பத்தலை, வாட்டம் மாறிப்போச்சு. இந்தச் சொல் எனக்கு எப்போதுமே பிடிக்கும். பூ வாடினாலும் வாட்டம்தான். பசியில் முகம் சோர்ந்தாலும் வாட்டம்தான். அதே சமயம், உட்கார வாட்டமாக இருக்கிறது, கைக்கு வாட்டமாக இருக்கிறது என்றால் உடம்புக்குத் தோதாக இருக்கிறது என்று அர்த்தம். சாய்வு, சோர்வு, தோது மூன்றையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு ஒரு தொழில் நடக்கிறது. குளிக்கிற இடத்தைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்திருக்காது.

அடிக்குக் கால் அங்குலம் என்பது குளிக்கிற பகுதிக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எங்கள் அறையில் கதவுக்கும் மூலை ஓட்டைக்கும் ஏழடி தூரம். முழுக்க அந்தக் கணக்கில் போனால் கதவோரத்துக்கும் ஓட்டைக்கும் ஒன்றே முக்கால் அங்குல வித்தியாசம் வரும். தண்ணீருக்கு அது நல்லது. எழுபத்தெட்டு வயது முழங்காலுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. நடக்கிற பக்கம் அதில் பாதியாகவும் குளிக்கிற பக்கம் முழுதாகவும் வைக்கலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்படி எழுதும்போதுதான் தரை என்பது ஒரே பரப்பு இல்லை, நடக்கிற தரை வேறு, குளிக்கிற தரை வேறு என்று தெளிந்தது.

இது ஒன்றும் புதிய அறிவு இல்லை. மொகஞ்சதாரோவில் 1920களில் தோண்டியெடுத்த வீடுகளில் குளிப்பதற்கென்று தனியாகத் தளம் இருந்தது. செங்கல்லை இடைவெளி தெரியாமல் நெருக்கி அடுக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கேயே உள்ள பெருங்குளத்தின் அடித்தளமும் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; கசியாமலிருக்கச் சுவருக்குள் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். வாட்டம், மேலே நெருக்கமான கல், உள்ளே நீர்காப்பு. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்த மூன்றில், 2004இல் நாங்கள் மூன்றாவதை முழுதாக விட்டுவிட்டோம். முதலாவதை அரைகுறையாகச் செய்தோம். இரண்டாவதற்கு மட்டும் பூப்போட்டு வாங்கினோம்.

செவ்வாய்க்கிழமை சுவரைப் பார்த்தேன்.

தண்ணீர் தேங்கிய அதே இடத்துக்கு மேலே, இடது சுவரில், தரையிலிருந்து இரண்டடி பத்து அங்குல உயரத்தில் ஒரு கறை. உள்ளங்கை அகலம். எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் சேர்ந்து, டைல்ஸின் வெள்ளையை அந்த இடத்தில் மட்டும் பழுப்பாக்கியிருந்தது. நான்கு விரலும் படுகிற இடம் மங்கலாக, பெருவிரல் அழுந்துகிற இடம் கொஞ்சம் அழுத்தமாக. அம்மாவின் கை. உள்ளே போகும்போதும் வரும்போதும் அவள் ஊன்றிக்கொள்கிற இடம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்களெல்லாம் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. நான் என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சிறியது.

கைப்பிடி எங்கே வைப்பது என்று கடைக்காரரிடம் கேட்டால் ஓர் உயரம் சொல்வார். அது எல்லோருக்குமான உயரம். அம்மாவின் உயரத்தைச் சுவர் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கைப்பிடியைப் பற்றி முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் அப்போது உறுதியானது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு துளை போட்டால் டைல்ஸ் விரியும். அதைவிட மோசம், உள்ளே பூசிய நீர்காப்பை அந்தத் துளை கிழித்துவிடும். கைப்பிடி காரையில் நிற்கக் கூடாது, செங்கல்லில் இறங்கி நிற்க வேண்டும். ஒரு உடம்பின் முழு எடையும் ஒரு நொடியில் அதன் மேல் விழும்.

ஓதத்தின் காரணத்தை நானாகத் தேடிப் போனதில் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். டைல்ஸ் தடுக்கும்; டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவிலுள்ள இடுக்கு தடுக்காது. அதில் அடைத்திருக்கிற சிமெண்ட் மெதுவாகத் தண்ணீரை உள்ளே விடும். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் பூசுகிற நீர்காப்புதான். தரை முழுக்கவும், சுவரில் ஓரடி உயரம் வரையும், குளிக்கிற பக்கம் ஆள் உயரத்துக்கும் அது ஏற வேண்டும். தரையும் சுவரும் சேருகிற மூலைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பூச்சே கிடையாது. அது போதாதென்று உப்புக்கறை போக வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றித் தேய்த்தோம். கறையைத் தின்கிற ஆசிட் சிமெண்டையும் தின்னும். மூலையில் இடுக்கைக் கீறிப் பார்த்தேன். மாவாக வந்தது. ஓதத்துக்கு வாசலைத் திறந்து வைத்தது சுத்தம் பார்க்கிறோம் என்ற பேரில் நாங்கள் செய்த வேலைதான். பத்தொன்பது வருஷம், வாரம் தவறாமல்.

அதனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தது. உடைக்க வேண்டும். மேலேயே ஒட்டினால் தூசி இல்லை, செலவு குறைவு, நாலு நாளில் முடியும். ஆனால் ஓதத்தின் மேல் இன்னொரு மூடி போட்டதாகும். தரை இன்னும் அரை முக்கால் அங்குலம் உயர்ந்து, படுக்கையறைக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். சிவப்பு சிமெண்ட் வரை, அதற்கும் அடியில் வரை போய்ப் பார்த்தாக வேண்டும். உடைத்து, குழாய் மாற்றி, நீர்காப்பு இரண்டு பூச்சு பூசிக் காயவிட்டு, ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, இரண்டு நாள் கழித்து அந்தக் கோட்டையும் படுக்கையறைச் சுவரையும் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் டைல்ஸ். அந்த இரண்டு நாளை அவசரத்தில் யாரும் விழுங்கிவிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

புதன்கிழமை புறவழிச்சாலையில் இருக்கிற டைல்ஸ் கடைக்குப் போனேன். கடைப்பையன் வரிசையாகப் பலகைகளைத் திருப்பிக் காட்டினான். என் கண் அடுக்கி வைத்த பெட்டிகளின் பக்கவாட்டில் போனது. பெட்டிக்குப் பெட்டி மோர்பி, மோர்பி என்று ஊர்ப்பெயர். குஜராத்தில் மச்சு ஆற்றங்கரை ஊர். இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதே ஊரை 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு ஆற்றின் இரண்டாவது அணை உடைந்து தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். தண்ணீர் ஒரு மத்தியானத்தில் அழித்த ஊர், இன்று நாடு முழுக்கக் குளியலறைகளில் தண்ணீருக்கு எதிராக நிற்கிற டைல்ஸைச் சுட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கடையில் நின்றுகொண்டு இதை யாரிடம் சொல்வது? பையன் அடுத்த பலகையைத் திருப்பினான்.

டைல்ஸை வகை பிரிப்பதே அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை வைத்துத்தான். சுவருக்கு ஒட்டுகிற செராமிக் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும். ஏறக்குறைய 1,200 டிகிரியில் சுட்டெடுக்கிற விட்ரிஃபைடு 0.5 சதவீதம்கூடக் குடிக்காது. தரைக்கு அதுதான் சரி. ஆனால் தண்ணீர் குடிக்காத டைல்ஸ் சிமெண்ட் பாலையும் குடிக்காது. பழைய முறையில் சாந்து வைத்து ஒட்டினால் சில வருஷத்தில் விட்டுவிடும். அதற்கென்று வருகிற பசையைப் பல் கரணையால் முழுப் பரப்புக்கும் இழுத்து ஒட்ட வேண்டும். அஞ்சு இடத்தில் உருண்டை வைத்து அழுத்தினால் நடுவில் காலியாகவே கிடக்கும். தட்டினால் டொம்மென்று கேட்கும், ஒரு நாள் வாளி விழுந்தால் மூலை உடையும். அண்ணாச்சி எந்த முறையில் ஒட்டுவார் என்று கேட்கலாமா? கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரா? இரண்டு நாள் இதிலேயே போனது. கேட்பது என்று முடிவு செய்தேன். தன் வேலையை நன்றாகச் செய்கிறவருக்கு அதைப் பற்றிக் கேட்டால் பிடிக்கும். நான் சமையலில் அப்படித்தான்.

வழுக்கலைப் பற்றிக் கடையில் கேட்டபோது, "மேட் ஃபினிஷ் எடுத்துக்கோங்க மேடம், வழுக்காது" என்றான் பையன். ஜெர்மனியில் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டிய பலகையில் சோப்புத் தண்ணீரை ஓடவிட்டு, ஒருவரை வெறுங்காலுடன் நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். எந்தக் கோணத்தில் கால் வழுக்குகிறதோ அதை வைத்து ஏ, பி, சி என்று தரம். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. நம் பெட்டிகளில் பெரும்பாலும் போட்டிருக்கும் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்பவை எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட காலுடன் நடந்து பார்த்தவை. குளியலறைக்கு யாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவதில்லை. ஆனாலும் எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்பதால் அதையாவது பார்க்க வேண்டும்.

மூன்று மாதிரி டைல்ஸை வாங்கிக்கொண்டு வந்து புறவாசலில் வைத்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றி முதலில் நான் ஏறி நின்றேன். பிறகு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நின்றாள். முதலாவதில் விரலை மடக்கிக்கொண்டாள். இரண்டாவதிலும். மூன்றாவதில் பாதம் அகன்று படிந்தது. சொரசொரப்பான, சாணிக்கலர் மாதிரி ஒன்று. என் மனதிலிருந்த சாம்பல் நிறத்துக்குக் கிட்டக்கூட வராது.

"இது காலப் பிடிக்கி" என்றாள்.

நிறத்தை அவள் பார்க்கவேயில்லை. நோட்டில் அந்த டைல்ஸின் பெயரை எழுதினேன். ஓரடிக்கு ஓரடிதான் வேண்டும் என்பதையும். இப்போது இரண்டடிக்கு இரண்டடி, நாலடிக்கு இரண்டடி என்று பெரிது பெரிதாகத்தான் கேட்கிறார்கள், இடுக்கு குறையும் என்று. ஆனால் பெரிய டைல்ஸ் வளையாது. நாலு பக்கமிருந்தும் ஓட்டையை நோக்கிச் சாய வேண்டிய தரையில் பெரியதை ஒட்டினால், வாட்டத்தைக் குறைக்க வேண்டும் அல்லது டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டும். சிறியது தரையோடு சேர்ந்து சாயும். இடுக்கு அதிகம் என்பது ஈரக்காலுக்குப் பிடிப்பு அதிகம் என்பதும்தான்.

அளவும் எடுத்தாகிவிட்டது. தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, ஏழடி உயரம், 182. கதவின் இரண்டரை அடி அகலத்தைக் கழித்தால் சுமார் 165. வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டு, அதற்கு மேலும் தரைக்கு ஒரு பெட்டி, சுவருக்கு ஒரு பெட்டி. சூளைக்குச் சூளை நிறம் லேசாக மாறும். பெட்டியில் அச்சடித்திருக்கிற தொகுதி எண் ஒன்றாக இருந்தால்தான் நிறம் சேரும். ஐந்து வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பரணில்தான் கிடைக்க வேண்டும்.

இந்தச் சதுர அடிக் கணக்கை எழுதி முடித்தபோது ஒன்று உறுத்தியது. கூலி கணக்கிடுவது சதுர அடிக்கு. சதுர அடி என்பது கண்ணுக்குத் தெரிகிற பரப்பு. கீழே கொத்துவது, மூலையில் நீர்காப்பை இரண்டு முறை பூசுவது, மட்டம் பார்த்து வாட்டம் வைப்பது, ஒன்றும் செய்யாமல் தண்ணீர் கட்டிக் காத்திருப்பது, இதற்கெல்லாம் சதுர அடி கிடையாது. வாட்டத்துக்குக் கூலி இல்லாத ஒரு கணக்கை நாம் போட்டுவிட்டு, வாட்டம் சரியில்லை என்று வேலைக்காரரைக் குறை சொல்கிறோம். வேகமாக ஒட்டினால் லாபம், நிதானமாக ஒட்டினால் நஷ்டம் என்று ஆகும்போது நிதானத்தை எப்படி எதிர்பார்ப்பது? மறைகிற வேலைகளைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று அவர் வாயாலேயே கேட்டு, அதைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். பணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். அதற்காகத் தரையின் சாமான் விலையில் எதையும் குறைக்கப்போவதில்லை. சுவரில் மேல் மூன்றடிக்குச் சாதாரண வெள்ளை போதும்.

இன்னும் ஒரு விஷயம். அண்ணாச்சியோடு இரண்டு பேர், உடைக்கும் நாளில் நாலு பேர் வருவார்கள். கட்டிங் மெஷினில் டைல்ஸை அப்படியே அறுத்தால் எழுகிற வெள்ளைத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும், திரும்பி வராது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். அதற்குப் புறவாசலில் இடமும், கைக்கெட்டும் தூரத்தில் குழாயும், ஈரம் படாத பிளக் பாயிண்டும் வேண்டும். இதையெல்லாம் ஏற்பாடு செய்வது வேலை கொடுக்கிற வீட்டின் பொறுப்பு. அவர்கள் ஒதுங்குவதற்கு எங்கே போவார்கள் என்பதும். நம் ஊரில் எத்தனையோ வீட்டில் கழிப்பறையும் குளியலறையும் கட்டிக்கொடுக்கிறவர்கள், வேலை நடக்கிற பத்து நாளும் ஒதுங்க இடமில்லாமல் தெருமுனைக்குப் போய்வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் 2004இல் அப்படித்தான் நடந்தது. எனக்கு அது அப்போது கண்ணில் படவே இல்லை. மாடியில் இன்னொரு கழிப்பறை இருக்கிறது. அதன் சாவியை முதல் நாளே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதினேன். அம்மா மாடி ஏற முடியாது. அவளுக்கு அந்த இரண்டு வாரமும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்தாகிவிட்டது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் வேறொரு நினைவுக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீடு கிடையாது. வாடகை வீட்டுப் புறவாசலில் பனையோலைத் தட்டி மறைப்பும், நடுவில் ஒரு கருங்கல்லும்தான் குளிக்கிற இடம். அப்பா சைக்கிளில் குறுக்குத்துறைக்குப் போய்விடுவார். ஆற்றுக்கு நடுவில் நிற்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் எழும். அந்தப் படித்துறைக் கல்லில் எத்தனை ஈரக்கால் ஏறி இறங்கினாலும் வழுக்கி விழுந்ததாக அப்பா சொன்னதில்லை என்றாள் அம்மா. புறவாசல் கல்லை இந்த வீட்டுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்தார்கள். துணி துவைத்து, மஞ்சள் உரசி, குதிகால் தேய்த்து நடுவில் பள்ளம் விழுந்த கல். இப்போதும் குளியலறை மூலையில் கிடக்கிறது.

"அதத் தூக்கிப் போட்டுராதீங்க" என்றாள். இந்த வேலையில் அவள் கேட்டது அது ஒன்றுதான். கல்லின் நீள அகலத்தை அளந்து, மூலையில் அதற்கு இடம் விட்டு வரைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சிமெண்ட் அரித்துத் தோல் உரிந்திருந்தது. காபியைக் குடித்துவிட்டு, நான் நீட்டிய நோட்டை நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். தண்ணீர் கட்டுகிற இரண்டு நாளுக்கு நான் போட்டிருந்த அடிக்கோட்டில் விரலை வைத்து, "இத மொதல்ல பேசுததுக்கு ஒரு ஆளு இருக்கே" என்றார். கூலியைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "எடத்தப் பாப்போம்க்கா" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் நான் குளித்திருந்தேன். தரை ஈரம். ஓர் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டில் அவர் உடம்பு லேசாக இடது பக்கம் சாய, கை தானாகப் போய்ச் சுவரில் ஊன்றியது. பென்சில் வட்டத்துக்கு உள்ளே.

கையை எடுக்காமல் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, தேங்கிய தண்ணீருக்கு மேல் தரையில் வைத்தார். குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. சுத்தியல் காம்பால் தட்டினார். நாலு டைல்ஸும் டொம்மென்றன.

"இந்த எடம் உள்வாங்கியிருக்கு. அடியில மண்ணு அமுங்கி, நாலும் செவுத்தப் பாத்துச் சாஞ்சு கெடக்கு. யாரு காலு வச்சாலும் கை செவுத்துக்குத்தான் போகும்."

நான் நோட்டை வாங்கவில்லை. அதன் முதல் வரி என்னவென்று எனக்குத் தெரியும்.

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குமிழையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ எங் காலு இல்லையாய்யா?"

"காலு நல்லாத்தான் இருக்கு ஆச்சி" என்றார், மட்டத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே. "அக்கா, ஒரு மக்கு தண்ணி எடுங்க."